தினமும் ஒரு அடி

மே 11

அன்புள்ள மகளுக்கு,

நான் பொத்தானை அடிக்கவில்லை.

நலம் விசாரித்துவிட்டு இதை எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கும். அதனால் முதலில் எழுதிவிட்டேன். நேற்று உன் சித்தி ஃபோன் செய்தாள். துக்கம் கேட்கிற குரலில், "என்ன இருந்தாலும் சின்னப் புள்ள, கை நீட்டியிருக்க வேண்டாம்" என்றாள். யார் சொன்னது என்றேன். "எல்லாரும்தான் பேசிக்கறாங்க" என்றாள். இந்த 'எல்லாரும்' யார், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. உயர்த்தாத குரலுக்குத்தான் ஆபரேட்டர் பெண்கள் பயந்தார்கள். உன் ஆறு வயதுப் பெண்ணை அடிக்கவா நான் இத்தனை தூரம் ரயிலேறி வந்தேன்?

உனக்கு மசக்கை என்று கூப்பிட்டீர்கள், வந்தேன். ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டுச் சீக்கிரமே வந்து, "உங்களுக்கு இங்க சிரமமா இருக்கும் பெரியம்மா, நாளைக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்றார். என்ன சிரமம் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை எடுத்தேன். நீ அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். குழாய் திறந்திருந்தது. உன் கையில் பாத்திரம் எதுவும் இல்லை.

என் முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது. உன் கால் வீங்குகிறதா? பொத்தான் சரியாகச் சாப்பிடுகிறாளா? செருப்பை இன்னும் வாசலைப் பார்த்துத்தான் கழற்றி வைக்கிறாளா?

ஃபோன் செய்யாதே. அத்தனை வருஷம் அடுத்தவர் பேச்சு காதில் விழுந்த இடத்தில் வேலை செய்தவள் நான். சொல்ல வந்ததை யாரும் ஃபோனில் சொல்வதில்லை. எழுது.

பெரியம்மா

*

மே 30

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவுகிறீர்களா? எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. ஹோட்டலில் ரிசப்ஷனில் நாள் முழுக்க நிற்க வேண்டாம் என்று ஒரு உயரமான ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்தால் நானே லாபியில் வைத்த பொம்மைபோல் இருக்கிறேன்.

பொத்தான் நலமாக இருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஸ்கூலில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கினார்கள்.

சித்தியிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக் கவலையை இவர் தன் அக்காவிடம் சொல்லியிருப்பார். அது எங்கெங்கோ போயிருக்கும். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. உங்கள் ஆசிர்வாதம் வேண்டும்.

உங்கள் மகள்

*

ஜூன் 8

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. 'ஆசிர்வாதம்' இல்லை, 'ஆசீர்வாதம்'. எப்படி எழுதினாலும் அது உனக்கு உண்டு.

'பொத்தான் நலமாக இருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். எத்தனை பொத்தான்கள் இருக்கிறார்கள்? சட்டைப் பொத்தானை விழுங்கி நம்மையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்து, அந்தப் பெயரை வாங்கிக்கொண்ட ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். குழந்தைக்கு மரியாதை கொடுத்தால்தான் குழந்தை மரியாதை கற்கும் என்று மாப்பிள்ளை எங்கோ கேட்டு வந்தார். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் அவளுக்கு 'வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க'. எங்கள் கான்வென்ட்டில் மதரைத்தான் நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். இருந்தாலும் உங்கள் வீடு, உங்கள் சட்டம். நானும் அவளை 'வாங்க' என்றுதான் கூப்பிட்டேன்.

கடிதம் எழுத எங்களுக்குத் தனி வகுப்பு உண்டு. முதல் வாக்கியத்தில் விஷயம், கடைசி வாக்கியத்தில் வேண்டுகோள், நடுவில் ஒப்பாரி கூடாது என்பார் ஸிஸ்டர். நான் முதல் வாக்கியத்தில் எழுதிய விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. 'மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்பது பதிலா? நீ அதை நம்பினாயா இல்லையா என்பதுதான் கேள்வி. செருப்பைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை.

இங்கே மத்தியான வெயில் வாளித் தண்ணீரில் பட்டு, கூரையில் போய் ஆடுகிறது. உன் வீட்டிலும் அந்த நேரத்தில் நானும் அவளும் படுத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்போம். இப்போது தனியாகப் பார்க்கிறேன். அது அதேபோல்தான் ஆடுகிறது.

பெரியம்மா

*

ஜூலை 19

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நீங்கள் சௌக்கியம்தானே? எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர் உங்களிடம் டிக்கெட் பேச்சை எடுத்ததற்கு முந்தின ராத்திரி, நீங்கள் படுக்கப் போனபின், சாப்பிடும்போது பொத்தான் இவரிடம், "அப்பா, எனக்கு ஒரு அடி குடுங்களேன்" என்றார்கள். இவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. "எதுக்கு அடி?" என்றார். "சும்மாதான். பெரியம்மா தினமும் ஒண்ணு குடுப்பாங்களே, சாப்பிட்டதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்புதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது.

உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நீங்கள் போனபின் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தோம். ஆகவில்லை. பொத்தான் தன் சின்னப் பெட்டியில் பல் பிரஷ், இரவுச் சட்டை, கலர் பென்சில் எல்லாம் அடுக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் பிரஷை எடுத்துப் பல் தேய்த்துவிட்டு, துடைத்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைக்கிறார்கள். செருப்பு வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நேற்று என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் எப்போ கிளம்பணும்? பாப்பா வர்றதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?" என்று கேட்டார்கள். கோபமாக இல்லை, பஸ் நேரம் கேட்பதுபோல.

ஸ்கூலில் ஒரு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். இது பயந்த குழந்தையின் பேச்சு என்றார். "அடி வாங்கின குழந்தைதான் வீட்டைவிட்டுப் போகப் பார்க்கும். எனக்குத் தெரியாதா?" என்கிறார் இவர். பிள்ளை வளர்ப்பது பற்றி ஃபோனில் வருவதையெல்லாம் படிக்கிறோம் பெரியம்மா. ஒருத்தர் அணைத்துக்கொள் என்கிறார், ஒருத்தர் விட்டுப் பிடி என்கிறார். எதைச் செய்தாலும் அது தப்பு என்று சொல்ல ஒருத்தர் இருக்கிறார்.

ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் கோபப்பட மாட்டேன். என் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மகள்

*

ஜூலை 24

அன்புள்ள மகளுக்கு,

உண்மையை நான் மே மாதமே எழுதிவிட்டேன். 'கோபப்பட மாட்டேன்' என்று நீ எனக்கு வாக்குக் கொடுக்கிறாய். உன் பெருந்தன்மைக்கு நன்றி. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இதற்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் முடிவு செய்தேன். பிறகு அந்தப் பல் பிரஷ் நினைவுக்கு வந்தது.

ஒரு மத்தியானம் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டிலேயே கண்ணாடி காணாமல் போனால் எவ்வளவு கேவலம் என்று வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் அது சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. வாய் தவறி வந்துவிட்டது: "அடி கள்ளி! நீயா இந்த வேலை பண்ணினே?"

சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் வீட்டுச் சட்டத்தை மீறிவிட்டேனே என்று எனக்கே சங்கடம். அவள் மெதுவாக வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"அந்த அடி. அது எனக்கா?"

"உனக்குத்தான். வேற யாரு இருக்கா இங்க?"

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். யாரோ கையில் எதையோ வைத்துவிட்டுப் போனதுபோல் நின்றாள். அதற்குப் பிறகு தினமும் சாப்பாடு ஆனதும், "இன்னிக்கு அடி இன்னும் தரலியே" என்று வந்து நிற்பாள். அடி குறும்புக்காரி, அடி என் கண்ணு, அடி போக்கிரி. போக்கிரிதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. நான் கொடுத்த அடி இவ்வளவுதான். ஓசை உண்டு, காயம் கிடையாது. நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதற்கு நான் பொறுப்பல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுத்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் வீட்டைப் பற்றிச் சொல்வாள். உங்கள் வீடு இல்லை, வேறொன்று. அந்த வீட்டுக்குச் சுவர் கிடையாதாம், திரைச்சீலைதானாம். மாடிப்படியில் இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் வருமாம். மீன்கள் படியேறி வந்து காலைப் பார்த்துவிட்டுத் திரும்புமாம். வாசலில் யாரும் பெயர் கேட்க மாட்டார்களாம். எத்தனை நாள் என்று கேட்க மாட்டார்களாம். "கதவைத் தொறந்து, 'வந்துட்டியா'ன்னு மட்டும்தான் கேப்பாங்க" என்றாள். குழந்தை கண்ட கனவு என்று நானும் கேட்டுக்கொண்டு தூங்கிப்போவேன். அது என்ன வீடு என்று எனக்குத் தெரியவில்லை. நான் பிள்ளை வளர்த்தவள் இல்லை. உனக்குத் தெரிகிறதா பார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஸ்டூலில் சாய்மானம் இருக்கிறதா?

பெரியம்மா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஸ்டூலில் சாய்மானம் இல்லை, ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

காலையில் ஒரு குடும்பம் வந்தது. சக்கரம் வைத்த பெட்டிகள். நான் வழக்கம்போல, "வாங்க, உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? பேர் சொல்லுங்க. எத்தனை நாள் தங்குவீங்க?" என்றேன். சொல்லிக்கொண்டே எதிரே பார்த்தேன். மீன் தொட்டி. அதற்குப் பின்னால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகள். தொட்டியின் வெளிச்சம் படிகளில் விழுந்து அசைந்துகொண்டிருந்தது, தண்ணீர் ஏறி வருகிறதுபோல.

ஸ்கூல் மூடியிருந்த நாட்களில் பொத்தானை அந்த சோபாவில்தான் உட்கார வைப்பேன். நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 'வாங்க' என்று நான் யாரைச் சொல்கிறேனோ அவர்களெல்லாம் மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் அதே 'வாங்க', அதே 'சாப்பிடுங்க'. அதே குரலும்கூட. நான் வீட்டுக்கு வந்து குரலை மாற்றுவதில்லை பெரியம்மா, அசதியில் அந்தக் குரலே வந்துவிடுகிறது. ஆனால் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நீ உதைக்கிறியா, நீ தூங்கறியா" என்கிறேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாக வருகிறது. இதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உள்ளே இருப்பது வீட்டுப் பிள்ளை, தான் விருந்தாளி என்று நினைத்துவிட்டாள்.

இவரிடம் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். ரொம்ப நேரம் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்கப்பா என்னை 'டேய்'னு கூப்பிட்டா பெல்ட் வருதுன்னு அர்த்தம். 'நீ'ன்னு சொன்னா கழட்டிட்டாருன்னு அர்த்தம். நம்ம வீட்டுல அந்தச் சத்தமே கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். இதை எனக்கே இப்போதுதான் சொல்கிறார். 'அடி' என்று கேட்டதும் அவருக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நம்பினேன் என்று சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்கப் பயந்தேன்.

இப்போது அவள் என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? எழுத்தில் வந்துவிட்டது. வாயில் வர மாட்டேன் என்கிறது.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள மகளுக்கு,

கவனித்தேன். உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல், அல்லது இந்தப் பகுதியை அவரிடமே காட்டு. அவர் செய்த காரியம் சரி. அதற்கான காரணமும் சரி. அந்தப் பெல்ட்டை வீட்டுக்குள் விடாத மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்காக என்னை ரயிலேற்றினார் என்றால், அவர் இடத்தில் இருந்தால் நானும் ஏற்றியிருப்பேன். இன்னும் கொஞ்சம் நல்ல வகுப்பில்.

இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. நாளையிலிருந்து 'நீ' என்று சொல்லவும் என்று போர்டு மாட்டவா முடியும்? நேற்று முழுக்க அந்த வார்த்தையை நானே சொல்லிப் பார்த்தேன். நீ. ஒரே எழுத்து. கூப்பிடும் தூரத்தில் ஆள் இல்லாவிட்டால் அது சொல்லவும் வருவதில்லை.

கால்களை உயர்த்தி வைத்துப் படு.

பெரியம்மா

*

அக்டோபர் 20

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலம்தானே? நான் இப்போது நடந்தால் கப்பல் வருகிற மாதிரி இருக்கிறது. ஹோட்டலில் விடுமுறை கொடுத்துவிட்டார்கள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லாததுதான்.

'நீ' என்று சொல்லிப் பார்த்தோம். நான் சொன்னால் நாடகத்தில் வசனம் மாதிரி வந்தது. "என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டாள். இவர் கடையில் ஆளில்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று, "வா, சாப்பிடு, வா, சாப்பிடு" என்று பழகியிருக்கிறார். உள்ளே வந்த ஒரு அம்மாள், "எனக்குப் பசிக்கலை தம்பி, ஃப்ரேம் மட்டும் காட்டுங்க" என்றாராம். எங்கள் இருவருக்கும் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் பெட்டி வாசலில்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை மழை. ஸ்கூல் வேன் வரவில்லை. ஃபோன் போகவில்லை. எனக்கு எழுந்து நடக்கவே முடியவில்லை. இவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து நனைந்துபோய், குடையை எடுக்க உள்ளே வந்தார். அப்போது கதவு தட்டுகிற சத்தம். இவர் திறந்தார். வேன்காரர் தெருவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பொத்தான் மேலிருந்து கீழ்வரை நனைந்து நிற்கிறாள்.

"வந்துட்டியா!" என்றார் இவர்.

யோசித்துச் சொன்னதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். எனக்கு உள்ளறையில் கேட்டது. அவள் படியிலேயே நின்றாள். தெருவில் மழைத் தண்ணீர் படிவரைக்கும் ஏறியிருந்தது.

"யாரு? நானா?"

"நீதான். வேற யாரு? உள்ள வா, நனையாதே."

உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கழற்றிவிட்டு, குனிந்து, இரண்டையும் எடுத்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். தலையைத் துவட்டக்கூட நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து பல் பிரஷை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறை டம்ளரில் எங்கள் பிரஷ்களோடு போட்டாள். அது டம்ளரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இவர் வாசல் கதவை மூடவே மறந்துபோய் நின்றார்.

அவளுக்கு இன்னும் 'டி' போடுவதில்லை. அது இவரால் முடியாது, நானும் கேட்கவில்லை. 'நீ' போதும்.

பார்சலில் உங்களுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. சர்க்கரையில் கீறல் விழுந்திருக்கும் என்று இவரே அளவு நினைவு வைத்துச் செய்தார். பெட்டிக்குள் 'வாங்க பெரியம்மா' என்று எழுதிப் போட்டிருக்கிறார். பொத்தானும் எழுதியிருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை.

உங்கள் மகள்

*

பெரியம்மா நீ எப்ப வருவ. இங்க மழ. எனக்கு இன்னும் நெரய அடி பாக்கி இருக்கு. பாப்பாக்கு குடுக்காத எனக்கு குடு. நீ தூங்கறியா. உன் கண்ணாடிய நான் ஒளிக்க மாட்டேன். ஒளிப்பேன்.

பொத்தான்

*

நவம்பர் 2

அன்புள்ள மகளுக்கு,

கண்ணாடி சரியாக இருக்கிறது. மாப்பிள்ளையின் கணக்கு தப்பவில்லை என்று சொல். அவர் எழுதிய 'வாங்க'வும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அவர் எனக்கு அதைச் சொல்லலாம்.

உன் சித்தி மறுபடியும் ஃபோன் செய்தாள். நான் உங்களை மன்னித்துவிட்டதாக எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். அதுவும் தப்பு. மன்னிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

பொத்தானின் கடிதத்தைப் புதுக் கண்ணாடி போட்டு முதலில் படித்தேன். ஐந்து வரியில் எத்தனை பிழை என்று எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன். ஸிஸ்டர் இருந்தால் சிவப்பு மையை எடுத்திருப்பார். நான் எடுக்கவில்லை. 'பெரியம்மா நீ' என்பதைப் பிழை என்று நீ நினைத்திருந்தால், அது பிழை இல்லை. உன் வீட்டில் இருந்தபோதே, அடியை வாங்கிக்கொண்டு என் கண்ணை மூடிவிட்டு, "இப்ப நீ தூங்கு" என்பாள். நான் திருத்தவில்லை. என்னை 'நீ' என்றவர்கள் நாலைந்து பேர்தான். உன் அம்மாவும் அதில் ஒருத்தி. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். உன் பெரியப்பாதான் கடைசி. அதற்குப் பிறகு பால்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் என்னை 'நீங்க' என்கிறார்கள். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை.

நேற்று மத்தியானம் வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தபோது கண் அயர்ந்துவிட்டேன். அவள் சொன்ன வீட்டில் இருந்தேன். திரைச்சீலைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. படியில் இறங்கினேன், முழங்கால் வலிக்கவே இல்லை. மீன்கள் வந்து என் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கீழே ஒரு கதவு இருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன், விழித்துக்கொண்டேன்.

பிரசவத்துக்கு முன்பே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு முன் நீ பொத்தானிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். நான் வந்து உங்கள் கதவைத் தட்டினால் திறக்கப் போவது யார்? திறந்ததும் அவள் என்னிடம் என்ன சொல்வாள்?

ஃபோனில் வேண்டாம். அவள் கையாலேயே பதில் எழுதச் சொல்.

பெரியம்மா